பதிலை எடுத்துவிட்ட பாட்டு

பாடாலூர் வட்டாரத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், சொந்தக்காரர்கள் வந்து சேர்வதற்குள் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிவிடுவார்கள். செட்டுக்காரர் போடும் பாட்டுகளில் ‘வீடு வரை உறவு’ கட்டாயம் இருக்கும். 1962-இல் வந்த ‘பாத காணிக்கை’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் டி.எம்.எஸ். பாடியது. மக்காச்சோளக் காட்டைத் தாண்டி அந்தக் குரல் வந்ததுமே, களை வெட்டிக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து, எந்தத் தெருவில் என்று கேட்பார்கள்.

அந்தப் பாட்டுக்கு வித்து பட்டினத்தாருடையது. செல்வமும் வாழ்வும் வீட்டோடு சரி, கண்ணீர் விடும் பெண்டிர் தெருவோடு சரி, தலையில் கைவைத்து அழும் மக்கள் சுடுகாட்டோடு சரி, கடைசியில் கூட வருவது செய்த புண்ணியமும் பாவமும்தான் என்று முடிக்கிறார். துறவி கணக்கைக் கூட்டி விடையையும் எழுதிவிட்டார். கண்ணதாசன் அதே படிகளில்தான் ஏறுகிறார். முதல் படியில் செல்வத்தை எடுத்துவிட்டு உறவை வைக்கிறார். கடைசிப் படியில் விடையையே எடுத்துவிட்டு, யார் வருவார் என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்.

மெட்டுக்காகச் சுருக்கினார் என்பாரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டினத்தார் பாடியது உயிரோடிருப்பவனை எச்சரிக்க. பாடைக்குத் தோள் கொடுத்து நிற்பவனுக்கு அந்த நேரத்தில் உபதேசம் எடுபடாது. அவன் நெஞ்சில் இருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். விடையோடு இருந்தவரை அது சித்தர் பாடல். விடை போன பிறகுதான் சாவு வீட்டுக்குள் வந்தது.

இன்னொரு பாட்டில் மாற்றம் இதைவிடப் பெரியது. ‘இருவர்’ (1997) படத்தின் ‘நறுமுகையே’. வைரமுத்துவின் வரிகள், ஏ.ஆர். ரஹ்மான் இசை, உன்னிகிருஷ்ணனும் பம்பாய் ஜெயஸ்ரீயும் பாடியது. அன்றைய நிலவொளியில் பொய்கையில் நீராடியவள் நீதானா என்று அவன் கேட்க, அப்போது பார்த்தவன் நீதானா என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். அந்த நிலா புறநானூற்றின் 112-ஆம் பாட்டிலிருந்து வந்தது. வள்ளல் பாரியை இழந்த அவருடைய மகளிர் பாடிய ஐந்தே அடி. போன நிலவில் தந்தை இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த நிலவில் குன்றை வேந்தர் கொண்டார்கள், தந்தையும் இல்லை. அழுகை என்ற சொல்லே வராத ஒப்பாரி அது.

வைரமுத்து இழந்த நிலவை எடுத்துக் காதலர்கள் கையில் கொடுத்துவிட்டார். ரஹ்மானோ அதை நாட்டையில் அமைத்தார். கச்சேரியில் பிள்ளையாரைப் பாடித் தொடங்கும் மங்கல ராகம் அது. மிருதங்கம் துள்ளிக்கொண்டு வர, அனாதைப் பெண்களின் நிலா கல்யாணக் களையோடு எழுகிறது. எத்தனை முறை கேட்டாலும் அந்தத் துணிச்சல் எனக்கு மெய்சிலிர்ப்புதான். ஆனால் படப்பாட்டில் குன்று இல்லாமல் போனதை என்னால் மறக்க முடியவில்லை. பெரம்பலூர் மாவட்டத்தில் கல் குவாரிகளுக்குப் பக்கத்தில் வாழ்கிறவனுக்கு, குன்று கைவிட்டுப் போவது வெறும் இலக்கியச் செய்தி இல்லை. பூமலை சஞ்சீவராயர் கோயில் மலைமேல் பௌர்ணமி ஏறும்போது எனக்கு முதலில் நினைவு வருவது பாரி மகளிர்தான், பாட்டு அப்புறம்தான்.

அதே பாட்டில் குறுந்தொகையின் 40-ஆம் பாட்டும் கலந்திருக்கிறது. செம்மண்ணில் மழை கலந்ததுபோல் நெஞ்சங்கள் கலந்தன என்று தலைவன் சொல்வது. இன்றைக்குக் கல்யாணப் பத்திரிகையிலும் அச்சாகிறது. பழைய குறிப்பின்படி, இவன் பிரிந்துவிடுவானோ என்று பயந்த பெண்ணுக்கு அவன் சொன்ன தேறுதல் அது. படப்பாட்டில் தேறுதல் வியப்பாக மாறிவிட்டது. பயந்தவள் காணாமல் போனாள். ஆனால் ‘இருவர்’ கதையில், அந்தப் பாட்டுக்கு ஆடுகிற புஷ்பவல்லி மணமாகிச் சிறிது காலத்தில் இறந்துபோகிறாள். பாட்டில் விட்டுப்போன பயத்தைக் கதை கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது.