கருணாமிர்த சாகரம்: ஒரு குடும்பம் பதிப்பித்த இசைநூல்

சென்ற பள்ளி விடுமுறையில் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிற்குப் போயிருந்தேன். எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சரளி வரிசையும் எளிய தமிழ்ப் பாடல்களும் அடங்கிய நூலொன்று வாங்க வேண்டும் என்பது எண்ணம். கையிற் கிடைத்தவை யாவும் சென்னையில் அச்சானவை. அவற்றிலும் தொடக்கப் பாடமாக உள்ள கீதங்கள் பல, பிள்ளைகளுக்குப் பொருள் விளங்காத பிறமொழிப் பாடல்கள். டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற கலைக்கூடங்கள் அமைந்த ஊர் இது. மாலை வேளையில் வீணையும் வயலினும் சுமந்து வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகளை இங்கே காணலாம். அத்தகைய ஊரில், இந்நாட்டில் ஆக்கி இந்நாட்டில் அச்சிட்ட ஒரு தமிழ் இசைப்பாட நூல் என் கைக்கு அகப்படவில்லை. வெறுங்கையோடு வீடு திரும்பியவன், தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரத்தை’ மீண்டும் எடுத்துப் புரட்டினேன்.

அந்நூல் கூறும் சுருதிக் கொள்கையைப் பற்றி அறிஞர்கள் நிரம்ப வாதிட்டுள்ளனர். அது வெளிவந்த முறையும் ஆராயத்தக்கதே. நூலின் பெருமையும் குறையும் ஒருசேர அம்முறையிலேயே அடங்கிக் கிடக்கின்றன என்பது என் கருத்து.

ஆசிரியர் மருத்துவரானார்

ஆபிரகாம் பண்டிதர் 1859-ஆம் ஆண்டு தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையிற் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளி ஆசிரியராய்ப் பணியாற்றினார். சுருளிமலையில் கருணானந்தர் என்னும் முனிவரிடம் மருத்துவ முறைகளை அறிந்தார். பின்னர்த் தஞ்சையில் அவரும் மனைவியார் ஞானவடிவு பொன்னம்மாளும் பள்ளிப் பணி செய்தனர். 1890-இல் அப்பணியை விடுத்து மருத்துவத்தையே முழுத் தொழிலாகக் கொண்டார். கருணாநிதி வைத்தியசாலையின் மருந்துகள் ஊர்கடந்து விலைபோயின. கருணானந்தபுரம் என்னும் பெரும் பண்ணையும் உண்டாயிற்று. மருந்து, பண்ணை, நூல் ஆகிய மூன்றின் பெயரிலும் ‘கருணை’ என்னும் சொல் நிற்பது குருவை மறவாமையைக் காட்டும்.

மருந்து ஈட்டிய பொருள் இசைக்குச் சென்றது. 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, இசைவாணரையும் அறிஞரையும் தஞ்சைக்கு அழைத்துத் தம் செலவிலேயே மாநாடுகள் கூட்டினார். ஆளுநர் லாலியின் பெயரால் ‘லாலி எலெக்டிரிக் அச்சுக்கூடம்’ என ஓர் அச்சகத்தையும் சொந்தமாக வைத்திருந்தார். ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட கருணாமிர்த சாகரம் 1917-இல் அங்கேதான் அச்சாயிற்று.

மூன்று வழிகள்

பெரிய இசைநூல் ஒன்றை வெளியிடுவது எளிய செயலன்று. சுரக்குறிப்புகளையும் கணக்கு அட்டவணைகளையும் பிழையின்றி அச்சுக் கோக்க வேண்டும். வாங்குவோரோ சிலர். ஆதலால் பொருள் எங்கிருந்து வந்தது என்பதை வைத்தே நூலின் இயல்பை ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

அக்காலத்து நூல்கள் மூன்றை ஒப்பிட்டு நோக்குக. சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவில், தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. விபுலானந்த அடிகளின் ‘யாழ்நூல்’ 1947-இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக அரங்கேறியது. முன்னதற்கு அரசர் துணை. பின்னதற்குச் சங்கம் துணை. இவ்விரண்டுக்கும் இடையில் வந்த கருணாமிர்த சாகரத்திற்குத் துணை குடும்பமே. பொருள் கொடுத்தவர், எழுதியவர், அச்சிட்டவர் மூவரும் ஒருவர். கொள்கையை இசைத்துக் காட்டியவர்களும் வீட்டாரே. 1916-இல் பரோடாவில் அனைத்திந்திய இசை மாநாடு கூடியபோது, பண்டிதரின் மகளிர் மரகதவல்லியும் கனகவல்லியும் அறிஞர் அவையில் தந்தையின் கொள்கையை இசையால் விளக்கினர். பெண்கள் மேடையேறி இசைப்பதையே குறையாக எண்ணிய குடும்பங்கள் பல இருந்த காலம் அது.

விடுதலை தந்த துணிவு

சாரங்கதேவரின் ‘சங்கீத ரத்நாகரம்’ ஒரு தாயியில் இருபத்திரண்டு சுருதிகள் என்கிறது. இந்திய இசையறிஞர் பெரும்பாலோர் அதையே வழிமொழிந்தனர். பண்டிதர் அதை மறுத்தார். சிலப்பதிகாரத்தின் அரும்பதவுரையையும் அடியார்க்குநல்லார் உரையையும் சான்றாகக் கொண்டார். உ. வே. சாமிநாதையர் 1892-இல் அவ்வுரைகளோடு நூலைப் பதிப்பித்திராவிடில் இச்சான்று அவருக்குக் கிட்டியிராது. ஆயப்பாலை, வட்டப்பாலை முதலியவற்றை ஆராய்ந்து, தாயியைப் பன்னிரண்டு சம பாகமாகவும், அவற்றை மேலும் இவ்விரண்டாக்கி இருபத்துநான்காகவும் பகுப்பதே பழந்தமிழர் முறை என்றார்.

அவர் கண்ட சிக்கல் உண்மையானது. ச-வுக்குப் ப என்னும் முறையில் பன்னிரண்டு தரம் ஏறினால், தொடங்கிய சுரத்திற்கே ஏழு தாயி மேலே வந்து முடிதல் வேண்டும். மூன்றுக்கு இரண்டு என்னும் விகிதத்தை அவ்வாறே பன்னிரண்டு முறை பெருக்கினால், 128 வரவேண்டிய இடத்தில் ஏறத்தாழ 129.75 வருகிறது. வட்டம் பொருந்தவில்லை. சமமாகப் பகுத்தால் பொருந்தும். எனினும் நம் இசைவாணர் பாடும்போது சுரம் கமகத்தில் அசைந்தும் குழைந்தும் நிற்கிறது; சமமான படிகளில் மட்டும் அது நிற்பதில்லை. விபுலானந்தரும் இருபத்திரண்டையே கொண்டார். ஆகவே பண்டிதரின் விடை முற்ற முடிந்த விடை அன்று. ஆனால் வடநூல் வழியை விடுத்துத் தமிழ் உரைகளை முதற்சான்றாக்கும் துணிவை அந்நூல் காட்டிற்று. அரசர் முகத்தையோ சங்கத்தார் முகத்தையோ நோக்கி எழுத வேண்டாத ஒருவருக்கே அத்துணிவு எளிதில் வரும்.

விடுதலை தந்த குறை

குறையும் அங்கிருந்தே பிறந்தது. முதற்பகுதி ஊழி வெள்ளம், கடல்கொண்ட தென்னாடு, முச்சங்கம் என நெடுந்தொலைவு செல்கிறது. இவை சுருதி ஆராய்ச்சிக்கு வேண்டிய அளவினும் பன்மடங்கு மிகுதி. ஒரே கணக்கு வெவ்வேறு அட்டவணைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. எழுதியவரே அச்சக உரிமையாளர் ஆனால், “ஐயா, இவ்வளவு போதும்” என்று சொல்ல யார் துணிவர்? கடலெனப் பெயர் பெற்ற நூலில் கரை காணாது தவிக்கும் ஆசிரியர்களை நான் அறிவேன். அவர்களுள் நானும் ஒருவன்.

அவர் 1907-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ அத்தகையதன்று. பயிலும் மாணவர்க்கெனத் தமிழ்ப் பாடல்களையே பாடமாக அமைத்த சிறுநூல் அது. எதை முதலிற் கற்பிப்பது, எதைப் பின்னர்க் கற்பிப்பது என்பதை அறிந்த பயிற்சி ஆசிரியரின் கை அதில் தெரிகிறது. பெருநூல் அறிஞருக்குப் பயன்பட்டது. சிறுநூலோ குழந்தையின் வாயில் தமிழை வைத்தது. இரண்டனுள் நமக்கு இன்று முன்மாதிரியாகத் தக்கது சிறுநூலே என்பேன்.

தந்தைக்குப் பின்

பண்டிதர் 1919-இல் மறைந்தார். நூலின் இரண்டாம் தொகுதி வெளிவந்தது 1946-இல். இடையே இருபத்தேழு ஆண்டுகள். தலைவர் ஒருவரின் ஊக்கத்தால் ஓடும் குடும்பத் தொழில், அவர் இல்லாதபோது தளர்வது இயல்பு. எனினும் அது அறுந்துவிடவில்லை. அத்தொகுதியை வெளிக்கொணர்ந்தவர் பரோடாவில் இசைத்துக் காட்டிய அதே மரகதவல்லி. மகன் வரகுண பாண்டியன் 1950-இல் ‘பாணர் கைவழி எனப்படும் யாழ்நூல்’ எழுதினார். பேரர் து. ஆ. தனபாண்டியனும் இசைத்தமிழ் ஆய்வு நூல்கள் எழுதினார்.

இத்தொடர்ச்சிக்குக் காரணம் சொத்து மட்டுமன்று. பண்டிதர் பிள்ளைகளுக்கு அச்சகத்தையும் பண்ணையையும் விட்டுச் சென்றதோடு, இசையையும் கற்பித்திருந்தார். கையெழுத்துப் படியைப் பெட்டியில் வைத்துப் பூசிப்பவர்க்கும் அதைப் படித்துத் திருத்தி அச்சேற்ற வல்லவர்க்கும் உள்ள வேறுபாடு அதுவே.

நாம் செய்யத்தக்கது

எங்கள் தோட்டத்தில் பால்வெட்டிய பாட்டி ஒருவர் இருந்தார். தாலாட்டும் கும்மியும் கங்காணியைக் கேலி செய்யும் பாட்டுமாக அவரிடம் ஒரு களஞ்சியமே இருந்தது. அவற்றை எழுதிவைக்க வேண்டும் என்று பல நாள் எண்ணினேன். பள்ளியில் தேர்வு, ஆண்டு விழா என நாட்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன். இன்று மெட்டுகள் சில நினைவில் உள்ளன. சொற்கள் பாதிக்கு மேல் இல்லை. இதில் குற்றம் என்னுடையதே. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, இவ்வாறு போனவை எத்தனையோ!

ஆகவே இசையறிந்த குடும்பங்களையும் ஆசிரியத் தோழர்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஆயிரம் பக்கம் வேண்டா. முப்பது பாடல்கள், சரியான சுரக்குறிப்பு, பாடியவர் ஊர் ஆகியவை அடங்கிய சிறு திரட்டு போதும். இன்று அச்சுக்கூடம் வாங்கவும் வேண்டியதில்லை. நூறு படி மட்டும் அச்சிடவும் வழி உண்டு. அச்சேறுமுன் வீட்டாரல்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவர் வெட்டச் சொல்வதை வெட்டுங்கள். பிள்ளைகளை மெய்ப்புத் திருத்த அமர்த்துங்கள். இரண்டாம் பதிப்பு அவர்கள் கையில்தான் இருக்கிறது.

என் பங்குக்கு, பாட்டியாரின் மகள் கிள்ளானில் இருப்பதாக அறிந்தேன். வரும் ஞாயிறன்று குறிப்பேட்டோடு போகிறேன்.