ஏறியவர்களும் ஏற்றப்பட்டவர்களும்

'மெட்ராஸ் எப்படி இருக்கு, பிடிச்சிருக்கா?' என்கிற கேள்வி எல்லோரையும் பார்த்துக் கேட்கப்படுவதில்லை. கோயம்புத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ மாற்றலாகி வந்தவரிடம் கேட்கிறார்கள். அவரும் யோசித்து ஒரு பட்டியல் போடுகிறார்: வாடகை, அட்வான்ஸ், தண்ணி லாரி, வெயில், பள்ளிக்கூட டொனேஷன். பட்டியலின் முடிவில் 'இருந்தாலும் பழகிடுச்சு' என்கிறார். இதற்குக் 'கருத்து' என்று பெயர். பத்திரிகைகள் இதை அச்சிடுகின்றன, அடுக்குமாடி கட்டி விற்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு விளம்பரம் எழுதுகிறார்கள். அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால், லாரியில் சாமானோடு சாமானாக ஏற்றிக் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் 'பிடிச்சிருக்கா' என்று யாரும் கேட்டதில்லை. 'டோக்கன் இருக்கா, ரேஷன் கார்டு மாத்தியாச்சா' என்றுதான் கேட்டார்கள். அவர்கள் சொல்வதும் கருத்து ஆவதில்லை, 'குறை' ஆகிறது. குறை என்றால் மனு எழுத வேண்டும். மனுவுக்கு அதற்கென்று ஒரு கிழமை இருக்கிறது.

நகரத்தில் வாழ்வது பற்றியும் நகரத்துக்கு இடம் மாறுவது பற்றியும் குடியிருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்கிறவர்கள், முதலில் இந்தப் பாகுபாட்டைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். நினைப்பதற்கான உரிமையே இங்கு இரண்டாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. 

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்திருப்போம். குடியேறு, குடியேற்று. பெயர்ந்தான், பெயர்த்தான். மாறினான், மாற்றினான். 1970இல் தொடங்கிய 'குடிசை மாற்று வாரிய'த்தின் பெயரிலேயே பிறவினை உட்கார்ந்திருக்கிறது. மாற்றப்படுவது குடிசை. மாற்றுகிறவர் வாரியம். குடிசைக்குள் இருந்தவர் அந்தத் தொடரில் எழுவாயாகவும் இல்லை, செயப்படுபொருளாகவும் இல்லை. 2021இல் அந்தப் பெயர் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாறியது. 'குடிசை' என்ற சொல்லின் இழிவு போனது நல்லதுதான். ஆனால் வினை மறைந்து 'மேம்பாடு' என்ற பெயர்ச்சொல் வந்துவிட்டது. யார் யாரை மேம்படுத்துவது என்று இப்போது கேட்கவே வழியில்லை. அரசு அறிக்கைகளில் 'மறுகுடியமர்வு செய்யப்பட்டனர்' என்று வரும். யார் செய்தது? கோப்பில் இருக்காது.

மக்கள் பேச்சில் இந்த மறைப்பு நடப்பதில்லை. 'கொண்டாந்து போட்டாங்க', 'இங்க தள்ளிட்டாங்க', 'ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டாங்க'. அந்த 'ஆங்க' என்ற விகுதியைக் கவனியுங்கள். ஆவணம் தொலைத்துவிட்ட எழுவாயை ஜனங்கள் விகுதியில் முடிந்து வைத்திருக்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன்பு பெரும்பாக்கத்தில் நண்பர்களோடு படிவம் நிரப்பிக்கொண்டு போனேன். படிவத்தில் 'குடியேறிய ஆண்டு' என்று ஒரு கட்டம். கிரீம்ஸ் ரோடு பக்கத்திலிருந்து 2017இல் அப்புறப்படுத்தப்பட்ட ஒரு அம்மா சொன்னார்: 'நாங்க எங்க தம்பி ஏறினோம்? லாரில ஏத்துனாங்க. வேணும்னா அத எழுதிக்க.' எழுதிக்கொள்ளக் கட்டத்தில் இடம் இல்லை.

இன்னொரு சொல் 'செட்டில்'. 'பையன் மெட்ராஸ்ல செட்டில் ஆயிட்டான்' என்றால் அது பெருமை. அதே சொல்லுக்கு முன்னால் ஒரு 'ரீ' சேர்ந்துவிட்டால், அது போலீஸ் பூத்தும் பொதுக் குழாயும் உள்ள இடத்தின் பெயர். குற்றப் பரம்பரைச் சட்டக் காலத்திலும் ஜனங்களை அடைத்து வைத்த இடத்துக்கு 'செட்டில்மெண்ட்' என்றுதான் பெயர். தற்செயலாக இருக்கலாம். கண்ணகி நகர் விலாசத்தைச் சொன்னதும் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்களிடம் போய், தற்செயல் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. எழுபதுகளில் வாரியம் கட்டிய மூன்று மாடிக் கட்டடங்கள் பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலேயோ அதை ஒட்டியோ எழுந்தன. சாந்தோமிலும் நந்தனத்திலும் வடசென்னையிலும் இன்றைக்கும் அவற்றைப் பார்க்கலாம். ஒழுகும், இடியும், கக்கூஸ் அடைத்துக்கொள்ளும், எல்லாம் உண்மை. ஆனால் மாடியில் நின்றால் வேலை செய்கிற தெரு தெரியும். நகரத்தின் நிலத்துக்கு விலை ஏற ஏற, ஏழைகளுக்கான வீடு நகரத்தைவிட்டு நகர ஆரம்பித்தது. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. அதே காலத்தில், அதே பழைய மகாபலிபுரம் சாலையில், ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகருக்கு லாரிகள் வரத் தொடங்கின. ஒரே சாலை, ஒரே காலம். ஒரு கூட்டம் ஏறி வந்தது, ஒரு கூட்டம் ஏற்றி வரப்பட்டது. கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள், செம்மஞ்சேரியில் 6,000க்கும் மேல், பிறகு எழில் நகர், பிறகு எட்டடுக்குப் பெரும்பாக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு ஒரு அலை, 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இன்னொரு அலை. ஆற்றங்கரையில் வெள்ளம் வரும், உங்கள் நன்மைக்குத்தான் என்று சொல்லி அழைத்துப்போன இடம் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். செம்மஞ்சேரியில் மழைக்கு மழை முழங்கால் தண்ணீர். அதே சதுப்பின் மேல் கண்ணாடிக் கட்டடங்களும் நிற்கின்றன, அவற்றை 'ஆக்கிரமிப்பு' என்று சொல்லும் வழக்கம் மட்டும் இல்லை.

1872இல் ஏங்கல்ஸ் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதியபோது, முதலாளி வர்க்கம் இந்தப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துகிறது என்றார். நம்மூரில் நகர்த்துவதற்கென்றே துறை இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். 'நம்' என்றால் அறிக்கை எழுதுகிற, கூட்டம் போடுகிற, சிறுபத்திரிகையில் எழுதுகிற நாம். முன்னே சொன்ன அம்மாவிடம் வீட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னது: 'வூடு நல்லாத்தான் கீது. வூட்லயே குந்திகினு இன்னா பண்றது?' இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் படிக்க யாரும் தயாரில்லை. முதல் வாக்கியத்தை எடுத்து அரசு மலர் போடும்: பயனாளி மகிழ்ச்சி. இரண்டாவது வாக்கியத்தை எடுத்து நாம் துண்டறிக்கை போடுவோம்: மக்கள் குமுறல். அந்த அம்மாவோ இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். கான்கிரீட் கூரை வேண்டும், மழைக்கு ஒழுகாத மூலை வேண்டும், பெண்பிள்ளை குளிக்கக் கதவு போட்ட இடம் வேண்டும். அது நுங்கம்பாக்கத்தில் பாத்திரம் தேய்க்கிற நான்கு வீடுகளுக்கு நடந்து போகிற தூரத்தில் வேண்டும். இதில் முரண்பாடு எங்கே இருக்கிறது? ஒன்றைக் கொடுத்தால் மற்றதைப் பிடுங்குவோம் என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. அந்த ஏற்பாட்டை நாமும் ஒத்துக்கொண்டுவிட்டதால்தான், குடிசையை இலட்சிய சமூகமாக வர்ணிக்கிற அபத்தத்தில் போய் விழுகிறோம். கூவம் கரையின் கூட்டு வாழ்க்கையைப் பற்றி நான்கூட எழுதியிருக்கிறேன். மழை நாளில் அங்கே ஓர் இரவு தங்கியது கிடையாது.

2021இலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இது சின்ன விஷயம் இல்லை. கூலியில் பாதியைக் கண்டக்டரிடம் கொடுத்தவர்களுக்கு அந்தக் காசு மிச்சம். ஆனால் இருட்டோடு எழுந்து இரண்டு பஸ் மாறி மைலாப்பூர் போய், திரும்பி வருவதற்குள் பிள்ளை தூங்கிவிட்டிருக்கிறது என்றால், அந்த நேரத்துக்கு இலவசம் ஏது? இருபது கிலோமீட்டர் என்பது வரைபடத்தில் ஒரு விரற்கடை. வீட்டு வேலை செய்கிறவருக்கு அது ஒரு வீட்டின் சம்பளம், ஏனென்றால் நான்கு வீடு பார்த்தவர் மூன்றுதான் பார்க்க முடியும். பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985இலேயே உச்ச நீதிமன்றம் பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று சொன்னது. சொல்லிவிட்டு, உரிய நடைமுறையோடு அப்புறப்படுத்தலாம் என்றும் சொன்னது. நாற்பது வருஷமாக அந்த இரண்டாவது பாதிதான் அமலில் இருக்கிறது.

நம் சினிமா இதை எப்படிப் பார்த்தது என்பதும் யோசிக்க வேண்டியது. 'மெட்ராஸ்' (2014) படத்தில் ஹவுசிங் போர்டு என்பது ஊர். அதன் மாடிப்படி, கால்பந்து, சுவர் எல்லாம் அந்த ஜனங்களுடையவை. நகரத்துக்குள்ளேயே கட்டப்பட்டதால் அது ஊராக முடிந்தது. 'காலா' (2018) தாராவியை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. நகரத்தின் வேலைகள் அந்த ஜனங்கள் கையில் இருப்பதைக் காட்டுகிறது. 'மாவீரன்' (2023) வேறு மாதிரி. குடிசைப் பகுதியிலிருந்து 'மக்கள் மாளிகை' என்ற அடுக்குமாடிக்கு மாற்றப்படுகிறார்கள், கட்டடம் உதிர்கிறது, இடிகிறது. 2021இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கை வைத்தாலே பூச்சு உதிர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அது கற்பனையாகத் தெரிந்திருக்காது. படத்தின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் முழுக்க சிமெண்டின் மேல் போய்விடுகிறது. ஊழல் மந்திரியும் காண்ட்ராக்டரும் ஒழிந்தால் விஷயம் முடிந்தது. சுவர் கெட்டியாக இருந்திருந்தால் மாற்றியது சரியா என்ற கேள்வி படத்துக்கு எழவில்லை. நமக்கும் அப்படித்தான். தரம் பற்றிப் பேசுவது சுலபம், அதற்கு பொறியாளர் சான்று கிடைக்கும். தூரத்துக்கு யார் சான்று தருவது?

(கண்ணகி நகர் என்று பெயர் வைத்தவர்கள் எதை நினைத்து வைத்தார்களோ தெரியாது. புகாரைவிட்டு இடம்பெயர்ந்து வந்தவள்தான் அவளும். மதுரைக்கு வந்து முதலில் தங்கியது புறஞ்சேரி. பிறகு மாதரியின் அடைக்கலம். ஊரைச் சுற்றிப் பார்த்து வந்ததற்கு இளங்கோவடிகள் ஒரு காதையே ஒதுக்கியிருக்கிறார், ஆனால் பார்த்தவன் கோவலன். 'மதுரை எப்படி இருக்கு' என்று அவளை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த நகரத்தோடு அவள் வாய்திறந்து பேசியது வழக்குரைக்கத்தான்.)

இப்போது கண்ணகி நகரிலேயே பிறந்து இருபது வயதைக் கடந்தவர்கள் வந்துவிட்டார்கள். இவர்களுக்கு 'பழைய இடம்' என்பது பாட்டி சொல்லும் கதை. 2020இல் அங்கே சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்து 'கலை மாவட்டம்' என்றார்கள். வெளியிலிருந்து வந்து படமெடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு அதில் பெரிய உற்சாகம் இல்லை, சுவரின் வெளிப்பக்கத்துக்குத்தான் வண்ணம் கிடைத்தது. ஆனால் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றபோது, அதில் ஆடிய கார்த்திகாவை எல்லோரும் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே சொன்னார்கள். வேலை கேட்கப் போகும்போது மறைக்க வேண்டியிருந்த விலாசம், பெயருக்கு முன்னால் வந்து நின்றது. அந்த ஊர்ப் பையன்கள் 'எங்க ஏரியா' என்று சொல்லும்போது, ஏற்றி இறக்கப்பட்ட இடத்தில் இரண்டாம் தலைமுறை தானாகவே ஏறி உட்கார்ந்துவிட்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். பிறவினையைத் தன்வினை ஆக்கியது வாரியம் அல்ல, அவர்கள். இதை மாற்றுக் குடியமர்த்தலின் வெற்றி என்று யாராவது மேடையில் சொன்னால் அது திருட்டு. அதே சமயம், நாமும் இவர்களைப் பார்த்து 'நீங்கள் வேரறுக்கப்பட்டவர்கள்' என்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தால் அதுவும் அவர்கள் சம்பாதித்ததைப் பிடுங்குவதுதான். இந்த இடத்தில் நம்முடைய பழைய துண்டறிக்கை மொழி உதவாது. புதிய மொழி என்னிடமும் இல்லை.

கேட்பது என்றால் எப்போது கேட்பது என்பதும் முக்கியம். 2013 நிலமெடுப்புச் சட்டம் தனியார் திட்டத்துக்கு நிலம் எடுத்தால் 80 சதவீதம் பேரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அரசும் தனியாரும் சேர்ந்த திட்டமென்றால் 70 சதவீதம். ஆற்றுப் புறம்போக்கில் இருப்பவருக்கு இது பொருந்தாது, அது அரசு நிலம், எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பட்டா இருந்தால் ஒப்புதல், இல்லையென்றால் நோட்டீஸ். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அடுத்த சில நாட்கள் எல்லோரும் போய் மைக்கை நீட்டி, என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

நண்பர்கள் அடுத்த மாதம் எழில் நகருக்குப் படிவத்தோடு போகிறார்கள். 'குடியேறிய ஆண்டு' என்ற கட்டத்தை எடுத்தாகிவிட்டது. அந்த இடத்தில் 'பிடிச்சிருக்கா?' என்று ஒரு கேள்வி சேர்த்திருக்கிறார்கள். ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் போட்டால் போதும் என்கிறார் ஒருவர், எண்ணச் சுலபம். இன்னொருவர் அரைப்பக்கம் காலியாக விட வேண்டும் என்கிறார். இந்த விஷயத்தில்தான் இரண்டு வாரமாகத் தகராறு.