முன்முடிவும் உளவியல் ஆய்வும்

உளவியலின் பொதுநூல்களில் தன்பாலீர்ப்பு நெடுங்காலம் 'பிறழ்வு' என்னும் இயலிலேயே வைத்துப் பேசப்பட்டது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1952-இல் வெளியிட்ட நோய்த்தொகுப்பு நூலும் அதனை நோயென்றே வகுத்தது. அம்முடிபு எத்தகைய சான்றின்மேல் நின்றது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

மருத்துவரை நாடி வந்தோரும் சிறையில் இருந்தோருமே அக்காலத்து ஆய்வுகளுக்குப் பெரும்பாலும் பொருளாயினர். நோயுற்றோரை மட்டும் நோக்கி, அவ்வகையினர் அனைவரும் நோயாளர் என்றல் அளவை நெறிக்கு ஒவ்வாது. இக்குறையை நீக்க முயன்றவர் ஈவ்லின் ஹூக்கர் அம்மையார். 1957-இல் வெளிவந்த அவர்தம் ஆய்வில், மருத்துவம் நாடாத தன்பாலீர்ப்புடைய ஆடவர் 30 பேரும், வயது, கல்வி, அறிவுத்திறன் ஆகியவற்றால் அவரோடு ஒத்த பிற ஆடவர் 30 பேரும் இடம்பெற்றனர். மைத்தடங்களைக் கண்டு அவர்கள் கூறியனவும், படங்களைக் கண்டு புனைந்த கதைகளும், எவர் கூறியவை என்பது மறைக்கப்பட்டு வல்லுநர்பால் அளிக்கப்பட்டன.

மைத்தட விடைகளைக் கொண்டு இரு திறத்தாரையும் பிரித்தறிய வல்லுநரால் இயலவில்லை. கதைகளிலோ, விருப்பம் யார்மாட்டு என்பது பலவிடத்தும் வெளிப்பட்டது. ஆயினும் உளநலத்தில் இரு திறத்தாரிடையே வேறுபாடு புலப்படவில்லை. இலக்கிய மாணவர் இதனை ஊன்றி நோக்குதல் தகும். காதல் எவர்மாட்டு என்பது பனுவலில் உள்ளது. நோய் என்பதோ படிப்போர் கொண்டுவந்தது.

எனினும் இவ்வாய்வு முழுமையுடையது என்றல் பொருந்தாது. எடுத்துக்கொண்டோர் தொகை சிறிது, மகளிர் இலர், இருபாலீர்ப்புடையோர்க்கென ஓர் இடம் வகுக்கப்படவில்லை.

தன்பாலீர்ப்பை நோய்த்தொகுப்பினின்று நீக்க 1973-இல் உளமருத்துவச் சங்கம் முடிவு செய்தது. அம்முடிவினை 1975-இல் அமெரிக்க உளவியல் சங்கமும் ஏற்றது. ஆயினும் நோய்ப்பட்டியலினின்று நீக்குதல் வேறு. பொதுநூலுள் சேர்த்தல் வேறு. காதல், குடும்பம், முதுமை, பிரிவுத்துயர் ஆகியவற்றை விளக்கும் இயல்களில் இவர்தம் வாழ்வும் சான்றாக வருதல் வேண்டும். இறுதியில் தனியியல் ஒன்றை வகுத்து அமைதல் போதாது. அது பழைய பிரிவினையையே வேறு பெயரால் நிலைநிறுத்தும்.

உளவியலைத் துணைக்கொண்டு கதைமாந்தரை ஆராயும் தமிழ்த் திறனாய்வாளர்க்கும் இது பொருந்தும். பழைய உளவியல் நூல்களை மேற்கோளாக ஆளுவோர், அவற்றின் முடிபு கைவிடப்பட்டு அரை நூற்றாண்டு கடந்தது என்பதை அறிதல் வேண்டும். 'பிறழ்வு' என்னும் சொல்லை ஆளுமுன், அது பனுவல் தரும் சான்றா, நாம் கொணர்ந்த முன்முடிவா என வினவுதல் ஆய்வாளர் கடனாகும்.