பருப்பும் தடுப்பூசியும்: ஓர் இலவசப் பாடத்தின் எல்லை

எம்ஐடி பல்கலைக்கழகமும் ஜே-பால் ஆய்வு மையமும் நடத்தும் 'தரவு, பொருளியல், கொள்கை வடிவமைப்பு' என்ற இணையவழிப் படிப்பின் விரிவுரைகளை யாரும் காசில்லாமல் கேட்கலாம். கற்பிப்பவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் 2019இல் நோபல் பெற்றவர்கள். படிப்புக்கு முதுகலைத் தரம் என்று சொல்வது வெறும் விளம்பரமா? இல்லை. ஆனால் அந்தத் தரம் ஒரே ஒரு கேள்வியில்தான் முழுமையாக இருக்கிறது: இந்தத் திட்டம் பலன் தந்ததா?

ராஜஸ்தானின் உதய்ப்பூர்ப் பகுதியில் இவர்கள் நடத்திய ஆய்வையே எடுத்துக்கொள்வோம். கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒன்றும் செய்யாத கிராமங்களில் 6 சதவீதக் குழந்தைகளுக்கே எல்லாத் தடுப்பூசியும் போய்ச் சேர்ந்திருந்தது. மாதந்தோறும் தவறாமல் முகாம் நடந்த ஊர்களில் 18. முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லாம் முடிந்தால் தட்டுகள் என்று கொடுத்த ஊர்களில் 39. பருப்புக்குச் செலவானாலும், எல்லாத் தடுப்பூசியும் பெற்ற ஒரு குழந்தைக்கு ஆன மொத்தச் செலவு, முகாம் மட்டும் நடந்த ஊர்களைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் செவிலியருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டுமே! வீடுவீடாகப் பிரிக்காமல் ஏன் ஊர்ஊராகப் பிரிக்க வேண்டும், எத்தனை ஊர் இருந்தால் முடிவை நம்பலாம் என்றெல்லாம் யோசிக்கப் பழக்குவதே இந்தப் படிப்பின் பலம். டஃப்லோவும் சாரா எலிசனும் நடத்தும் தரவுப் பாடம் நிகழ்தகவிலிருந்து ஏறுகிறது. நுண்கணிதம் மறந்தவருக்கு மூச்சு வாங்கும்.

பலவீனமும் அதே ஆய்வில் தெரிகிறது. மீதி 61 சதவீதம்? பருப்பு கொடுத்தால் வேறு மாநிலத்திலும் வருவார்களா? ஓரிடத்தில் பலித்ததை எல்லா இடத்துக்கும் நீட்ட முடியாது என்று பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் 2010இலேயே வாதிட்டார். படிப்பிலுள்ள அரசியல் பொருளியல் பாடம் இந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. ஆனாலும் தொழில்மயம், வாணிகம், நாட்டு வருமானம் எப்படி உயர்கிறது என்பவையெல்லாம் ஓரத்தில்தான்.

இலவசம் என்பதிலும் ஒரு கொக்கி உண்டு. சான்றிதழுக்கான தேர்வுக்குக் கட்டணம் உண்டு. வருமானத்தைப் பொறுத்து அது மாறும் என்பது நியாயமான ஏற்பாடு. கணக்கைப் போட்டுப் பார்க்காமல் விரிவுரை மட்டும் கேட்பவருக்குப் புரிந்த மாதிரி இருக்கும், அவ்வளவே.

அரசுத் திட்டங்களை மதிப்பிடும் வேலையில் இருப்பவர் தயங்காமல் சேரலாம். ஏழை நாடு எப்படிப் பணக்கார நாடானது என்று அறிய வருபவர், தென்கொரியா பற்றி ஆலிஸ் ஆம்ஸ்டென் 1989இல் எழுதிய நூலை எடுப்பது மேல். அவரும் எம்ஐடியில் கற்பித்தவர்தான். பொருளியல் துறையில் அல்ல, நகரத் திட்டமிடல் துறையில்.