தொண்டைக்குள் நிற்கும் சொல்

இயல்பான மூப்பில் சொற்கள் அழிவதில்லை. எடுக்கும் கைதான் தடுமாறுகிறது. ‘தொண்டைக்குள்ளேயே நிற்கிறதே’ எனத் தவிக்கும் முதியவர், அச்சொல் தம்மிடமுண்டு என அறிந்தே தவிக்கிறார்.

ஆங்கில நாவலாசிரியர் ஐரிஸ் மர்டாக்கின் இழப்போ வேறு. 1995இல் வெளிவந்த அவருடைய கடைசி நாவலான ‘ஜாக்சன்ஸ் டிலெமா’வில் வாக்கிய அமைப்பு குலையவில்லை, சொல்வளமே சுருங்கியது. 1954, 1978ஆம் ஆண்டுகளின் நாவல்களோடு ஒப்பிட்டு, 2005இல் ஆய்வாளர் இதனை எண்ணிக் காட்டினர். அல்சைமர் நோய் பின்னரே கண்டறியப்பட்டது. அவரோ எழுத்து ஓடவில்லை என்றே எண்ணியிருந்தார்.

தளர்ந்த நாவல்தான், நாம் மறுக்கவில்லை. எனினும் இறுதிப் பக்கங்களில் பணியாள் ஜாக்சன், தன் ஆற்றல் தன்னைவிட்டு அகன்றதோ என ஐயுறுகிறான். ஆசிரியர் தம்மைப்பற்றி அறியாததைத் தம் பாத்திரத்துக்கு அறியத் தந்தாரோ என்று நமக்குத் தோன்றுகிறது.