யோனாவின் வேண்டுதல்

துன்பம் நேர்ந்துழி மனிதன் தன் குற்றத்தை உணர்ந்து இறைவனை நாடுவான் என்பது விவிலியக் கொள்கை என்பர். அதற்கு யோனாவின் வரலாற்றைச் சான்றாகக் காட்டுவர். பழைய ஏற்பாட்டில் நான்கே அதிகாரங்கள் கொண்ட அச்சிறுநூலை ஊன்றிப் படிப்பார்க்கு, அக்கொள்கை அத்துணை எளிதன்று என்பது புலனாகும். (பேர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்துக்கு நாவலர் பெருமான் துணைநின்றமையின், சைவ மாணவர் இந்நூலை ஆராய்தல் புதுமையன்று.)

நினிவே நகருக்கு ஏவப்பட்ட யோனா, இறைவனுக்கு ஒளித்துத் தர்ஷீசுக்குக் கப்பலேறுகிறார். புயல் எழுகின்றது. மாலுமிகள் தத்தம் தெய்வங்களை அழைத்துக் கதறுகின்றனர். தீர்க்கதரிசியோ கப்பலின் அடித்தளத்தில் உறங்குகிறார். எழுந்து வேண்டுமாறு மாலுமித் தலைவன் கூறுகிறான். அவர் வேண்டினார் என்று நூல் சொல்லவில்லை. கடலில் எறியப்பட்டு மீன் வயிற்றில் மூன்று நாள் கிடந்தபோதே வாய் திறக்கின்றார். அவ்வேண்டுதலில் ஆழ்கடலின் அச்சம் உண்டு. மீட்புக்கு நன்றியும் உண்டு. புயல் தம்மால் வந்ததென மாலுமிகளிடம் ஒப்புக்கொண்டவர், தம் பிழையை இறைவனிடம் ஒரு சொல்லாலும் உரைத்தாரல்லர். திருக்குர்ஆனின் 21ஆம் அத்தியாயத்தில் யூனுஸ் நபி தம்மை அநியாயம் செய்தோருள் ஒருவராக ஒப்புக்கொள்வதை அறிந்த அறுகம்பே, கல்முனைப் பகுதி முஸ்லிம் மக்களுக்கு இவ்வேறுபாடு உடனே தோன்றும். சூலைநோயால் வருந்தித் திருவதிகை அடைந்த நாவுக்கரசரும் தம் முதற் பதிகத்திலேயே தாம் அறியாது செய்த கொடுமைகளை எண்ணுகின்றார்.

மெய்யாகவே மனந்திரும்புவோர் நினிவே மக்கள். அவர்க்குத் துன்பம் இன்னும் வரவில்லை. 40 நாளில் நகர் அழியும் என்ற சொல் மட்டுமே வந்தது. அரசன் சாம்பலில் அமர்கின்றான்; கால்நடைகளுக்கும் இரட்டுடுத்துகின்றனர். இறைவன் அவர்களை மன்னித்தபோது சினங்கொண்டவர் யோனாவே. மீன் வயிறு அவரை வேண்டச் செய்தது. அவர் நெஞ்சிலிருந்த கடுமை கரையவில்லை. நூலும் இறைவன் அவரிடம் வினவும் வினாவோடு, விடையின்றி முடிகின்றது.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில், இலங்கை மாவட்டங்களுள் அம்பாறையே மிகுதியான உயிர்களை இழந்தது. அது பாவத்தின் சம்பளம் என உரைத்தார் எல்லாச் சமயத்திலும் இருந்தனர். விவிலியம் அவர்க்குத் துணைவராது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டபோது, அவர்கள் பிறரினும் பாவிகளல்லர் என்றே லூக்காவின் 13ஆம் அதிகாரத்தில் இயேசு கூறுகின்றார். மனந்திரும்புமாறு அவர் அழைப்பது கேட்டு நின்ற உயிருள்ளோரை. யோனா நூலிலும், புயல் தம்மால் வந்ததென்று வாய்விட்டுச் சுட்டியவர் குற்றத்தைச் செய்த யோனாவே. அவர் சுட்டியதும் தம்மைத்தான்.