இறையும் அரசும்: சீறாப்புராணம் காட்டும் நெறி

தமிழில் 'இறை' என்னும் சொல் கடவுளைக் குறிக்கும், மன்னனைக் குறிக்கும், மன்னனுக்குக் குடிகள் செலுத்தும் வரியையும் குறிக்கும். 'கோயில்' என்பதும் அவ்வாறே அரசன் மனைக்கும் ஆண்டவன் இல்லத்திற்கும் பொதுப்பெயராய் நின்றது. திருக்குறளின் முதல் அதிகாரம் இறைவனை வாழ்த்த, 39ஆம் அதிகாரம் 'இறைமாட்சி' என்னும் பெயரால் மன்னனின் இயல்பை வகுக்கின்றது. கடவுளையும் காவலனையும் ஒரே சொல்லால் அழைத்துப் பழகிய மொழி நம்முடையது. இவ்விரண்டையும் ஐயத்திற்கு இடமின்றிப் பிரித்து நிறுத்தும் இசுலாமிய நெறி, இம்மொழியில் பெருங்காப்பியமாக உருப்பெற்றபோது என்ன நேர்ந்தது? உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை இவ்வினாவோடு அணுகுவது பயன் தரும்.

இசுலாத்தில் ஆட்சி அடிப்படையில் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. 'முல்க்' என்னும் அரபுச் சொல் ஆட்சியையும் உடைமையையும் ஒருங்கே உணர்த்தும். திருக்குர்ஆனின் 67ஆம் அத்தியாயம் அச்சொல்லையே பெயராகக் கொண்டது. அரசன் எனப் பொருள்படும் 'அல்மலிக்' இறைவனின் திருப்பெயர்களுள் ஒன்று. ஐவேளைத் தொழுகையில் கடமையாக்கப்பட்ட 17 ரக்அத்துகளிலும் ஓதப்பெறும் தோற்றுவாய் அத்தியாயம், தீர்ப்பு நாளின் அதிபதியாக அவனைப் போற்றுகின்றது. மண்ணாளும் மன்னனிடம் இருப்பது, தமிழ் முசுலிம்கள் வழங்கும் அழகிய சொல்லால் கூறின், 'அமானிதம்'. அதாவது, நம்பி ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். ஒப்படைத்தவனுக்கு ஒருநாள் கணக்குக் காட்டியாக வேண்டும். இக்கருத்து ஆள்வோரைப் பணிவிக்கவும் கூடும். இறைவன் பெயரால் தம் அதிகாரத்தை நாட்ட விழைவோர்க்குக் கவசமாகவும் கூடும். இவ்விரண்டில் உமறு எதனைக் கண்டார் என்பதே நம் ஆய்வு.

பதினேழாம் நூற்றாண்டைச் சார்ந்த இப்புலவர் எட்டயபுரத்தில் வாழ்ந்தவர். கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் விருப்பத்தால் தொடங்கி, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவால் நூலைத் தொடர்ந்தார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களில் 5,027 விருத்தங்கள் அமைந்துள்ளன. தமிழ்க் காப்பிய இலக்கணமோ நிகரற்ற தலைவனையும், அவன் நாட்டையும் நகரையும், உலாவையும் போரையும் வேண்டுவது. அரசனை நடுவில் வைத்து வளர்ந்தது. உமறு அவற்றுள் எதனையும் விடவில்லை. அரபு நாட்டில் ஆறு பெருகுகின்றது, வயல் விளைகின்றது. ஆயினும் அவ்வணிகள் அனைத்தையும் சூடிய தலைவர் கடவுளும் அல்லர், முடிமன்னரும் அல்லர், இறைவனின் தூதர். இந்த இடர்ப்பாட்டைப் புலவர் எவ்வாறு கடந்தார் என்பதை மானுக்குப் பிணைநின்ற படலம் தெளிவுறக் காட்டும்.

வேடன் ஒருவன் வலையில் பெண்மான் ஒன்று சிக்குகின்றது. தன் கன்றுக்குப் பாலூட்டி மீள விடை வேண்டி அது நபிகள் நாயகத்திடம் முறையிடுகின்றது. முடிமன்னர் கதையாயின் "விடுக" என்னும் ஓர் ஆணையோடு படலம் முடிந்திருக்கும். உமறு படைத்த நாயகமோ ஆணையிடவில்லை. வேடனிடம் பிணையாக நிற்கின்றார். மான் மீளாவிடின் ஒன்றுக்கு இரண்டாகத் தருவேன் என்கின்றார். காடு புகுந்த விலங்கு திரும்புமோ என்று வேடன் ஐயுறுகின்றான். இனத்தார் தடுத்தும் கேளாமல், கன்றும் உடன்வர மான் மீள்கின்றது. வேடன் மனம் மாறுகின்றான். அதிகாரம் செய்ய இயலாததை நம்பிக்கை செய்து முடித்தது. வேடனின் உரிமையும் பறிக்கப்படவில்லை. மானின் துயரும் புறக்கணிக்கப்படவில்லை. ஆட்சி இறைவனுடையது என்று தெளிந்தவர் பிற உயிரிடம் நடந்துகொள்ளும் முறை இது என்று புலவர் சொல்லாமல் சொல்கின்றார்.

மதியை அழைப்பித்த படலத்திலும் இதே நோக்கு உண்டு. திமஸ்கு நாட்டு மன்னன் அபீபு படையோடு மக்கா வந்து, வானத்து மதியை வரவழைக்குமாறு கேட்கின்றான். நாயகம் தம் ஆற்றலால் என்று எதனையும் உரிமை கொண்டாடாது இறைவனை இறைஞ்சுகின்றார். நிலவு பணிவது அவனுக்கே. மண்ணாள்வோன் கேட்கும் இடத்தில் இருக்க, ஈவோன் ஒருவனே என்பது அக்காட்சியால் விளங்கும்.

எல்லா இடங்களிலும் இச்சமநிலை காக்கப்பட்டது என்று கூற இயலாது. போர்ப் படலங்களில் படை வருணனையும் குருதி வெள்ளமும் மிகுகின்றன. பழைய வேந்தர் புகழின் முழக்கம் கருத்தை மறைத்துவிடுகின்றது. வடிவம் புலவரை வென்ற இடங்கள் அவை. ஆயினும் மரபின் முழுக் கோலத்தையும் ஏற்று, அதன் நடுவில் அரியணைக்குப் பதிலாகப் பிணை நிற்கும் ஒருவரை நிறுத்திய துணிவே சீறாவின் பெருமை.

ஏர்பேட்டில் வாழும் நமக்கு இக்கருத்து ஏட்டோடு நிற்பதன்று. தமிழகத்தின் வட எல்லையெனப் பண்டையோர் கண்ட வேங்கடம் நமக்கு அண்மையில் உள்ளது. அருகிலுள்ள சந்திரகிரியில் விசயநகரத்தின் இறுதி மன்னர்கள் இருந்தனர். ஆர்க்காட்டு நவாபு ஆண்டார், கும்பினி ஆண்டது. 1911இல் சித்தூர் மாவட்டம் பிறந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலம் சேர்ந்தது. 2022இல் ஏர்பேடு திருப்பதி மாவட்டத்திற்குள் வந்தது. ஆண்டவர் மாறினர், எல்லைகள் மாறின, எவரும் நிலையான உரிமையாளர் அல்லர்.

பிழைப்புத் தேடி வந்த ஊரில், வாடகை வீட்டுக்கும் வேலைக்கும் 'இவர் நம்பத்தக்கவர், நான் பொறுப்பு' என்று சொல்ல ஒருவர் கிடைக்காமல் நம் முன்னோர் பட்ட பாடு நாம் அறிந்தது. அவ்வாறு ஒருவர் பிணை நின்றதாலேயே பல குடும்பங்கள் இங்கு வேரூன்றின. அவர்களுள் தெலுங்கரும் உண்டு, தமிழரும் உண்டு. எல்லாச் சமயத்தாரும் உண்டு. மானுக்குப் பிணை நின்ற கதையைப் பள்ளியில் செய்யுட்பகுதியாக மட்டும் படித்தோம். நாளை புதிதாய் வந்து நம் வாயிலில் நிற்பவருக்கு நாம் பிணை நிற்கும்போதே அதனை உண்மையாகப் படித்தவராவோம்.